சாவுக்கு அடிக்கிறது யாரு?

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் அயர்லாந்து நாட்டு இசை கேட்டோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம், பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து திரும்புகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரின் காலனியில் இப்படி ஒரு கச்சேரி நடந்தது என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைக்கு எழுந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் பிறந்து, நர்ஸ் படிப்புப் படித்து, டப்ளினில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் அவரை ஒரு நாள் இரவு பக்கத்து ஊர் மதுக்கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நம் ஊர் டாஸ்மாக் மாதிரி இல்லை அது. குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பேசுகிற இடம், பேர் ‘பப்’. அங்கே வாரத்தில் ஒரு ராத்திரி ஊர்க்காரர்கள் கூடி நாட்டுப்புற இசை வாசிப்பார்களாம். அதை அக்கா முக்கால் மணி நேரம் கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்தார். படிப்பகத்து டி.வி.யில் போட்டோம்.

மேடை இல்லை, மைக் இல்லை, மாலை மரியாதை இல்லை. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். கிழவரும் உண்டு, பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் உண்டு. மூன்று பிடில்கள், மரத்தில் செய்த ஒரு புல்லாங்குழல், கைத்துருத்தி மாதிரி விரித்து மடக்கும் கான்செர்ட்டினா என்கிற சின்னப் பெட்டி. ஒருவர் மடியில் ‘இல்லன் பைப்’ என்கிற குழல். அதற்கு வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்றுகிறார்கள். ஓரத்தில் ஒரு பையன் வட்டமான தோற்கருவி ஒன்றைத் தொடைமேல் நிறுத்தி, ஒரு குட்டைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தான்.

“ஆத்தாடி, நம்ம தப்புல்ல அது!” என்றது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா. எல்லாரும் சிரித்தோம். வாசல்படியில் நின்றிருந்த சித்தப்பா சிரிக்கவில்லை.

“தீ காட்டாம எப்படிம்மா சுருதி நிக்குது?” என்று அக்காவைக் கேட்டார்.

“உள்பக்கம் கையைக் குடுத்துத் தோலை அமுக்குறாரு பாருங்க மாமா. அதுலதான் ஏத்தி எறக்குறாங்க. ஆட்டுத்தோலு. பௌரான்னு பேரு.”

சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டார். “மூணு மூணா விழுது” என்றார். அவர்கள் வாசித்தது ‘ஜிக்’ என்கிற ஆட்ட மெட்டு, மும்மூன்று எண்ணிக்கையில் ஓடுவது. இசை படித்தவர்கள் திசிரம் என்பார்கள். படிக்காத சித்தப்பாவுக்குக் காது சொன்னது. அவருடைய விரல் வாசல் நிலையில் தட்டியதை நான் பார்த்தேன். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு தட்டுகிறது.

படம் முடிந்ததும் அவர் கேட்டார்: “எல்லாம் சரிதான். அந்த ஊர்ல சாவுக்கு அடிக்கிறது யாரு?”

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் தெரியவில்லை.

*

இருபத்தேழு வருசக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். 1997ஆம் வருசம் எனக்கு எட்டு வயசு. ஊரில் பெரிய வீட்டில் ஒரு சாவு. அடிக்க வரச் சொல்லி ஆள் வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் காலனியில் கூட்டம் போட்டு, இனிமேல் எந்த வீட்டுச் சாவுக்கும் தப்படிக்கப் போவதில்லை, சாவுச் சேதி சொல்லவும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அப்பா போய் அதைப் பணிவாகத்தான் சொன்னார். பணிவாகச் சொன்னதற்கே அடி விழுந்தது. கையைத்தான் குறி பார்த்து அடித்தார்கள். பிறகு மூன்று மாதம் யாருக்கும் வயல்வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, பால் இல்லை. அப்பாவின் வலது மணிக்கட்டு கடைசி வரை நேராகவில்லை.

அந்த மூன்று மாதத்தின் கடைசியில் சித்தப்பாவும் மற்றவர்களும் காலனியில் இருந்த ஆறு தப்பையும் களத்துமேட்டில் போட்டு எரித்தார்கள். “தப்பு காய்ச்சுற வைக்கோல் தீயிலயே தப்ப எரிச்சோம்” என்பார் சித்தப்பா. எரிந்த தோலின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அழுகைக் குரல் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

பத்துப் பதினைந்து வருசம் கழித்து நான் எம்.ஏ. சேர்ந்தேன். நாட்டார் வழக்காற்றியல் தாளில் தோற்கருவிகள் பற்றிப் பாடம். ஆசிரியர் பறையின் பெருமையை அரைமணி நேரம் பேசினார். தமிழரின் ஆதி இசை என்றார், வீரத்தின் அடையாளம் என்றார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “உங்க வீட்டுல இருக்குமே, ஒரு நாள் எடுத்துட்டு வாங்களேன்” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. என் வீட்டில் என்ன இருக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? பறை தமிழருடையது, ஆனால் இருப்பது என் வீட்டில். அந்த ஒரு வாக்கியத்தில் முரண் முழுக்க இருந்தது.

*

பறை என்ற சொல்லுக்கே ‘சொல்’ என்றுதான் பொருள். பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறது. பறை இல்லாத நிலம் இல்லை என்பது அதன் கணக்கு. புறநானூற்று 335ஆம் பாட்டு சிறந்த குடிகள் என்று நான்கைச் சொல்லும்போது, பறை கொட்டுகிறவனின் குடியையும் அதில் வைக்கிறது. அங்கே தீட்டு இல்லை. ஆனால் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களுக்கு வெளியே ‘பறைச்சேரி’ வந்துவிடுகிறது, ‘தீண்டாச்சேரி’யும் வந்துவிடுகிறது. கருவியின் பெயர் குடியின் பெயராகி, குடியின் பெயர் சேரியின் பெயராகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் இசைக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. குடுமியான்மலையில் ஏழாம் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென ஆய்வாளர்கள் கணிக்கும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாறைச் சுவரில் ஏழு பகுதிகளாகச் சுரங்கள், கிரந்த எழுத்தில். இந்தியாவில் இதற்கு ஈடான இசைக் கல்வெட்டு வேறு இல்லை என்பார்கள். அதில் இருப்பது நரம்புக் கருவிக்கான இசை. தோலுக்கு ஒரு வரி கிடையாது. யாழுக்கும் வீணைக்கும் கல் கிடைத்தது, பறைக்குச் சேரி கிடைத்தது.

தோல் என்றாலே தீட்டு என்று முடித்துவிடவும் முடியாது. கஞ்சிராவைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்கு ஏற்றியது எங்கள் புதுக்கோட்டைதான். பஜனைக் கூட்டங்களில் தட்டப்பட்டு வந்த அந்தச் சின்ன வட்டக் கருவியைப் பக்கவாத்தியமாக நிமிர்த்தியவர் மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கு ஏந்துகிற வேலையில் இருந்தவர் என்று சொல்லப்படுகிறவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. இன்றும் மிருதங்கத்தில் புதுக்கோட்டைப் பாணி என்று தனியாகவே பேசுகிறார்கள். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல், மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமைத் தோல்கள். தோல் மேடை ஏறியது. தோலைப் பதம் பார்த்து வார் பிடித்துக் கட்டுகிறவன் ஏறவில்லை. மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் சரி என்ற கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. சர்ச்சையும் அரசியல் சாயலும் உள்ள பேச்சு அந்த இடத்துக்கு ஆகாதாம். மாட்டுத்தோலின் நாதம் மட்டும் ஆகும்.

ஆக வட்டச் சட்டமும் ஒரு தோலும் என்ற ஒரே அமைப்புக்கு எங்கள் மாவட்டத்திலேயே இரண்டு தலையெழுத்து. இந்த இடத்தில்தான் சித்தப்பாவின் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் அயர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது.

*

அயர்லாந்து நூற்றாண்டுகளாக இங்கிலாந்திடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. அங்கே நம் பாணர்கள்போல யாழ் மீட்டும் கலைஞர்கள் குறுநில மன்னர்களின் சபையில் பெரிய மரியாதையோடு இருந்தார்கள். மன்னர்கள் வீழ்ந்ததும் கலைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1792இல் பெல்பாஸ்ட் நகரில் மிஞ்சியிருந்த யாழ்க் கலைஞர்களைத் தேடிக் கூட்டியபோது கிடைத்த அயர்லாந்துக்காரர்கள் பத்தே பேர், பலர் பார்வையற்றவர்கள். ஒருவருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞன் உட்கார்ந்து அவர்கள் வாசித்ததை எழுதி எடுத்தான். 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். கூடவே பாட்டும் கப்பல் ஏறியது. அமெரிக்காவின் சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ நீல் என்ற அயர்லாந்துக்காரர், தொழிலாளிகளிடமும் தன் காவலர்களிடமும் கேட்டுக்கேட்டு 1,850 மெட்டுகளைத் திரட்டி 1903இல் அச்சிட்டார்.

விடுதலை வந்த பிறகு சொந்த ஆட்சியே தடை போட்டது. 1935இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது என்றது. பாதிரிமாரும் போலீசும் சேர்ந்து அடுப்படியிலும் நாற்சந்தியிலும் நடந்த ஆட்டங்களை நிறுத்தினார்கள். 1951இல்தான் இசைக்காரர்கள் சேர்ந்து ‘கோல்தஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் இசைத் திருவிழா நடத்த ஆரம்பித்தார்கள். போருக்குப் பின் லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன அயர்லாந்துத் தொழிலாளிகள், இரவுகளில் பப்புகளில் கூடி வாசித்தார்கள். நாங்கள் டி.வி.யில் பார்த்த மேசைக் கச்சேரிக்கு அதுவும் ஒரு வேர்.

பௌரானின் கதை இன்னும் சுவையானது. சட்டத்தில் தோல் கட்டிய அதே அமைப்பில் தானியம் புடைக்கிற தட்டு ஒன்றும் அங்கே வீடுகளில் இருந்தது, நம் சுளகு மாதிரி. டிசம்பர் 26ஆம் தேதி, ‘ரென்’ என்கிற சின்னக் குருவியின் பெயரால் கிராமத்துப் பையன்கள் வைக்கோல் முகமூடி போட்டு, பௌரானை அடித்துக்கொண்டு வீடுவீடாகக் காசு கேட்டு வருவார்கள். அந்த ஒரு நாள் போக வேறு மதிப்பு அதற்கு இல்லை. இந்த ஆட்டத்தைப் பாதிரியார் ஒருவர் அழிக்க நினைப்பதைத்தான் ஜான் பி. கீன் ‘பௌரான் மேக்கர்ஸ்’ என்ற நாவலாக 1986இல் எழுதினார். 1960 வாக்கில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் பௌரானைச் சேர்த்து மேடையேற்றிய பிறகு அது நாட்டின் அடையாளமாகிவிட்டது.

இதுவரை படித்தபோது எனக்குச் சந்தோசம்தான். அடிமைப்பட்ட ஒரு மக்கள் தங்கள் இசையை மீட்டெடுத்தார்கள், நாமும் மீட்கலாம் என்று கட்டுரையை முடித்திருக்கலாம். சித்தப்பாவின் கேள்வி விடவில்லை. அங்கே யாருமே ஊருக்கு வெளியே இல்லையா?

இருக்கிறார்கள். ‘டிராவலர்’ என்று பெயர். வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தகரவேலை செய்தும் பாத்திரத்துக்கு ஈயம் பூசியும் குதிரை விற்றும் பிழைத்த மக்கள். 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் சுமார் 33 ஆயிரம் பேர். அந்த இல்லன் பைப் இருக்கிறதே, அதன் பெரிய மேதைகளில் ஒருவர் ஜானி டோரன் என்கிற டிராவலர். குதிரை வண்டியில் குடும்பத்தோடு போய்ச் சந்தைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் வாசித்துக் காசு வாங்கினவர். 1930களில் அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் வில்லி கிளான்ஸி அந்தக் கருவியின் மேல் பித்துப்பிடித்தார். கிளான்ஸியின் பெயரில் 1973 முதல் ஆண்டுதோறும் கோடைகால இசைப்பள்ளி நடக்கிறது. டோரனின் வாசிப்பை 1947இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒலிப்பதிவு செய்தது. அடுத்த வருசம் டப்ளினில் அவர் வண்டியின் மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. இரண்டு வருசம் கழித்து 1950இல் செத்துப்போனார். அரசாங்கம் குரலைப் பதிந்து வைத்துக்கொண்டது. குடியிருக்கத் தரையில் இடம் கொடுக்கவில்லை.

இந்த மக்களை என்ன செய்வதென்று ஆராய 1960இல் ஒரு ஆணையம் போட்டார்கள். 1963இல் அது கொடுத்த அறிக்கை, அவர்களைக் கரைத்து மற்றவர்களோடு கலப்பதையே தீர்வாகச் சொன்னது. டிராவலர்களுக்கு மது தரமாட்டோம், உள்ளே விடமாட்டோம் என்பது பப்புகளில் வழக்கம். 2000இல் சமநிலைச் சட்டம் வந்து டிராவலர் என்ற காரணத்துக்காக மறுப்பது குற்றம் என்றது. பப்புகள் மேல் புகார்கள் குவிந்தன. 2003இல் புதிய மதுச் சட்டம் கொண்டுவந்து, அந்தப் புகார்களைச் சமத்துவத் தீர்ப்பாயத்திடமிருந்து எடுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களைத் தனி இனக்குழு என்று அரசு ஒத்துக்கொண்டதே 2017 மார்ச்சில்தான். அதே வருசம் இல்லன் பைப் இசையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

டோரன் வழி வந்த மெட்டு பப்பின் மேசைமேல் இருக்கிறது. டோரனின் பேரப்பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். இது நமக்குத் தெரியாத காட்சியா? இரட்டை டம்ளரின் இன்னொரு வடிவம்தானே இது?

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. பௌரான் எந்தச் சாதிக்கும் விதிக்கப்பட்ட தொழில் அல்ல, எந்தப் பண்ணையார் மகனும் அதைத் தொட்டால் தீட்டில்லை. சாவுக்கு வந்து அடித்தே தீர வேண்டும் என்று பிறப்பால் கட்டிப்போட்ட குடி அங்கே இல்லை. சாதி நம்முடைய தனிச் சரக்கு. ஆனால் ஒரு பாடம் பொதுவானது: அடிமைப்பட்ட தேசத்துக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது. தேசம் தன் இசையை மீட்டுக்கொள்ளும்போது சேரி தானாக விடுதலை ஆகிவிடுவதில்லை. ‘பறை தமிழரின் ஆதி இசை’ என்று மேடையில் முழங்குகிற தோழர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். தமிழர் என்ற சொல்லுக்குள் எங்கள் தெருவும் அடங்குமா என்று முதலில் பதில் சொல்லுங்கள்.

*

பறையை எரித்ததும் போராட்டம்தான், பறையை எடுத்ததும் போராட்டம்தான். 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில் இரண்டும் நடந்தன. ஒருபக்கம் எங்கள் ஊர்போல ஊருக்கு ஊர் அடிமைத் தொழில் வேண்டாம் என்று தப்பைக் கீழே போட்டார்கள். இன்னொரு பக்கம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு வழிபாட்டுக்கே பறையைக் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்களே அடித்துவந்த கருவி, பெண் தொட்டதும் வேறு மொழி பேசியது. இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு பாடிக்கொண்டே போனார், பிறகு ‘வடு’வும் எழுதினார். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கைதட்டத்தான் வேண்டும், நானும் தட்டினேன்.

ஆனால் கூடவே மற்றதையும் எழுத வேண்டும். தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். விடுதலை கிடைத்து 75 வருசம் ஆகும்வரை அரசாங்கமே ஒரு சாதியின் கழுத்தில் கருவியை மாட்டி ஊரைச் சுற்றவிட்டது. அதே 2022 டிசம்பர் 26. அயர்லாந்தில் பௌரானோடு தெருவில் இறங்குகிற நாள். எங்கள் மாவட்டத்தில் அன்றைக்குத்தான் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் டீக்கடையில் இரட்டை டம்ளரையும், கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாத நிலைமையையும் கண்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே மக்களில் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. பத்மஸ்ரீ அறிவிப்பும் இந்தக் குற்றப்பத்திரிகையும் ஒரே மாதத்துச் செய்திகள். ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் காலம் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

*

இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். வண்டியில் வாழ்ந்த அந்தக் குழல்காரர் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

“சொவரு விழுந்துதான் செத்தாரா?”

“ஆமா சித்தப்பா.”

“பாட்டப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, ஆளுக்கு ஒரு வீடு குடுக்கல” என்றார். நான் பத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் படிப்பகத்துப் பெண்பிள்ளைகள் ஆறு பேர் பறை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருசமாக அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலேஜ் விழாவில் வெளியூர்க் குழு அடித்ததைப் பார்த்து வந்த ஆசை. எரித்ததை மறுபடி தொடமாட்டேன் என்று மறுத்துக்கொண்டே இருந்தார். சப்பரத்தடி, மருளடி, ஒத்தையடி என்று இத்தனை அடியும் எங்கள் ஊரில் அவர் ஒருவர் கையில்தான் மிச்சம். அவரும் எழுபதைத் தாண்டிவிட்டார்.

அன்றைக்கும் சரி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “சொல்லித் தர்றதா இல்லையான்னு யோசிக்கிறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கி எந்த ஊரு உங்கள மேடையில அடிக்கக் கூப்புட்டாலும், கையத் தட்டுறத பாக்காதீங்க. அடிச்சு முடிச்சப்புறம் சோறு எங்க வச்சுப் போடுறான்னு பாருங்க. உள்ள கூப்புட்டுப் போட்டா அது கலை. வாசல்ல போட்டா அது பழைய சாவு வீடுதான்.”

அக்கா டப்ளினுக்குத் திரும்பும்போது அவரிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பப்புக்கு மறுபடி போனால், இல்லன் பைப் வாசிக்கிறவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன், இங்கே டிராவலர்கள் வந்து உட்கார்ந்து குடிக்கிறார்களா என்று. பதில் இன்னும் வரவில்லை. நம் கலை இரவுகளில் பறை முழங்கும்போது கைதட்டுகிற தோழர்களும் அவரவர் ஊரில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.